தலைக்கு ஒரு பவுண், பாட்டுக்கு ஒரு கோடு

1888 தொடக்கம் 1909 வரை தாஸ்மேனிய அரசாங்கம் ஒரு செலவுக் கணக்கு எழுதி வந்தது. முதுகில் கருங்கோடு உள்ள ஒரு விலங்கைக் கொன்று கொண்டுவந்து காட்டினால் வளர்ந்ததற்கு ஒரு பவுண், குட்டிக்குப் பத்து ஷிலிங். அந்தக் கணக்கில் மொத்தம் 2,184 கொடுப்பனவுகள் பதிவாகியிருக்கின்றன. 1951இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு கணக்குத் தொடங்கியது. ஜூன் மாதத்து விடியற்காலைகளில் ஆட்கள் மணற்காட்டுக்குள் நடந்து, பாட்டுக் கேட்ட இடத்தில் நின்று, பாடுகிற ஆண் குருவி ஒன்றுக்கு ஒரு கோடு என்று தாளில் போட்டார்கள். கூட்டிப் பார்த்ததில் 432 வந்தது.

முதற் கணக்கில் இருந்தது தாஸ்மேனியப் புலி என்று சொல்லப்படும் தைலசீன், வயிற்றில் பையுள்ள ஒரு முலையூட்டி. அது இன்று உலகில் இல்லை. இரண்டாவதில் இருப்பது கேர்ட்லண்ட் கதிர்க்குருவி, பதினான்கு கிராம் அளவு நிறையுள்ள ஒரு பாடும் பறவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது ‘அச்சுறுத்தலை அண்மித்தது’ என்ற வகைக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. ‘அழிந்துபோன புலி திரும்பி வரப் போகிறது’ என்ற செய்தி இடைக்கிடை எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். படம், வியப்புக் குறி, ‘விஞ்ஞானத்தின் அற்புதம்’ என்று ஒரு வரி. கதிர்க்குருவியைப் பற்றி ஒருவரும் எதுவும் அனுப்புவதில்லை. ‘அண்மித்தது’ என்றால் கிட்டத்தட்டப் பரவாயில்லை என்றுதான் காதில் விழுகிறது. அதில் செய்தி என்ன இருக்கிறது? என் கணிப்பில் இரண்டு கதைகளில் கனமானது குருவியின் கதைதான். அது புரிந்தால்தான் புலியின் கதையும் சரியாகப் புரியும்.

பையுள்ள ‘புலி’

தைலசீன் புலி இனமும் இல்லை, நாய் இனமும் இல்லை. கங்காரு, கோவாலாவின் தூரத்துச் சொந்தம். தலை நாய்த் தலை. உடம்பு மணல் நிறம். முதுகின் பின்பாதியில் இருந்து வாலின் அடிவரை குறுக்குக் கோடுகள். வால் விறைத்தபடி நிற்கும், நாய்போல ஆட்ட முடியாது. பெண்ணின் பை பின்பக்கமாகத் திறந்திருக்கும். ஆணுக்கும் சிறிய பை ஒன்று இருந்தது. வாயைப் பிளந்தால் பார்ப்பவர் பயப்படுமளவு விரியும். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அநேகம் பேர் இதைப் பெரிய கொலைகார விலங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2020இல் வெளியான ஆய்வொன்று சராசரி நிறையைக் கிட்டத்தட்ட 17 கிலோ என்று கணித்தது. அதுவரை புத்தகங்களில் இருந்த கணக்கு இதைவிட மிக அதிகம்.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இது மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. டிங்கோ நாய் போய்ச் சேராத தாஸ்மேனியாத் தீவில் மட்டும் மிஞ்சியது. 1803இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். பின்னால் ஆட்டு மந்தைகள் வந்தன. 1830இலேயே வான் டீமன்ஸ் லாண்ட் கம்பனி தன் நிலத்தில் தைலசீன் தலைக்குக் காசு கொடுக்கத் தொடங்கிவிட்டது. அரசாங்கமும் கொடுக்க வேண்டும் என்ற பிரேரணை 1886இல் தாஸ்மேனியப் பாராளுமன்றத்துக்கு வந்தது. கொண்டுவந்த உறுப்பினர் ஜோன் லைன், வருடத்துக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் ஆடுகள் இதனால் சாகின்றன என்றார். வாக்கெடுப்பில் 12க்கு 11. ஒரேயொரு வாக்கு.

அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. காட்டு நாய்களும் களவும் கவனிப்பில்லாத மந்தை வளர்ப்பும் தின்ற ஆடுகளின் பழியும் சேர்த்து இந்த ஒரு விலங்கின் தலையில் போடப்பட்டது என்பதே பின்னால் ஆராய்ந்தவர்களின் பொதுவான முடிவு. 2011இல் தாடை எலும்பைக் கணினியில் வைத்துச் சோதித்த ஆய்வும், வளர்ந்த ஆட்டோடு மல்லுக்கட்டும் பலம் அந்தத் தாடைக்கு இல்லை, பொஸம் போன்ற சிறிய இரைதான் அதற்குத் தோது என்று சொன்னது.

கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். 1900ஐ ஒட்டிய வருடங்களில் ஆண்டுக்கு நூற்றைம்பது அளவில் காசு கொடுத்திருக்கிறார்கள். பிறகு இறங்குமுகம். 1908இல் 17. 1909இல் 2. இந்த இறக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் கையெழுத்திலேதான் அது பதிவானது. ஆனால் அது செலவுக் கணக்கு. செலவு குறைந்தால் திட்டம் பலித்துவிட்டது என்றுதான் அர்த்தம். தொற்றுநோய் ஒன்றும் இடையில் புகுந்தது என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. அது எப்படியோ, எண் எதைக் காட்டுகிறது என்று கேட்க அந்தப் புத்தகத்தில் ஒரு நிரல் இருக்கவில்லை.

அதற்குள் இன்னொரு சந்தை முளைத்திருந்தது. மிருகக்காட்சிச் சாலைகள். 1926இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலை ஒரு தைலசீனுக்கு 150 பவுண் கொடுத்தது. செத்தால் ஒரு பவுண் என்று இருந்த விலங்கு, கிடைக்காமற் போன பின்னால் உயிரோடு 150 பவுணுக்கு ஏறியது. அது 1931இல் செத்தது. காட்டில் சுடப்பட்டதாகப் பதிவான கடைசி விலங்கு 1930 மே மாதத்தில், மோபன்னா என்ற இடத்தில், ஒரு விவசாயியின் துப்பாக்கிக்கு விழுந்தது.

பாதுகாப்புச் சட்டம் 1936 ஜூலை 10இல் வந்தது. ஹோபார்ட் நகரின் பூமரிஸ் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கடைசித் தைலசீன் அதே ஆண்டு செப்டெம்பர் 7இல் செத்தது. இடைவெளி 59 நாள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. 1933இல் டேவிட் ஃபிளே என்ற ஆஸ்திரேலிய இயற்கையியலாளர் அதே இடத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் கூண்டுக்குள் நடக்கும் விலங்குதான் கடைசித் தைலசீன் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. (படம் எடுத்தவரின் பின்புறத்தை அது கடித்தும் வைத்தது.) 2022இல் ரொபர்ட் பாடில், காத்ரின் மெட்லொக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் துருவி, கடைசியாகச் செத்தது வேறொரு வயதான பெண் விலங்கு என்று காட்டினார்கள். 1936 மே மாதத்தில் பொறியில் பிடித்து விற்கப்பட்டது அது. அந்த வகைப் பொறி அப்போது சட்டவிரோதம் என்பதால் விற்பனை பதியப்படவில்லை. உடல் தாஸ்மேனிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. தோலைப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள், எலும்பைக் கழற்றிப் பாடம் நடத்தினார்கள், பிறகு அலுமாரியில் வைத்தார்கள். உலகம் தேடிக்கொண்டிருந்த கடைசி உடல் அதே கட்டடத்தில் எண்பத்தைந்து வருடத்துக்கு மேல் பெயரில்லாமல் கிடந்தது. 2,184 தலைகளுக்குக் கணக்கு வைத்த நாட்டில் 2,185ஆவது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் மாகாணத்துக் கணக்கு

இதெல்லாம் எங்கோ தென்கோடித் தீவின் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதே நூற்றாண்டு, அதே பிரித்தானிய ஆட்சி, அதே முறை எங்கள் வட மாகாணத்திலும் நடந்தது. இங்கே விலங்கு யானை. பயிரை அழிக்கிறது என்று தலைக்குச் சில ஷிலிங் சன்மானம். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். 2011இல் இலங்கை முழுவதற்கும் எடுத்த யானைக் கணக்கெடுப்பில் வந்த தொகை 5,879. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 3,500 எவ்வளவு பெரியது என்று விளங்கும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்து விற்றார்கள். அது வியாபாரம், அதற்கு யானை உயிரோடு தேவைப்பட்டது. ஆங்கிலேயரின் சன்மானத்துக்குச் செத்த யானை போதும்.

இலங்கை யானை தப்பியது, தைலசீன் தப்பவில்லை. காரணம் நல்ல மனம் என்று சொல்ல முடியாது. யானைக்கு ஒதுங்கக் காடு மிஞ்சியிருந்தது, வேலைக்கும் கோயிலுக்கும் பெரஹராவுக்கும் அது தேவையாக இருந்தது.

நெருப்பில் பிறக்கும் காடு

இனி குருவி. 1851இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகருக்கு அருகே, ஜாரெட் கேர்ட்லண்ட் என்ற மருத்துவரின் பண்ணையில் ஒரு குருவி பிடிபட்டது. அடுத்த ஆண்டு அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். முதுகு நீலச் சாம்பல், நெஞ்சு மஞ்சள், விலாவில் கறுப்புக் கீறுகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் பாதி பாதியாக. இருந்த இடத்தில் இருந்தபடி வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் பஹாமாஸ் தீவுகளில் இது இருப்பது 1879இல் தெரிந்தது. கூடு எங்கே கட்டுகிறது என்பது 1903 வரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆண்டில்தான் மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றங்கரைக் காட்டில் முதற் கூடு கண்டுபிடிக்கப்பட்டது.

அவ்வளவு காலம் தெரியாமல் இருந்ததற்கு நியாயம் உண்டு. இந்தக் குருவியின் விருப்பம் அவ்வளவு குறுகியது. ஜக் பைன் என்ற ஊசியிலை மரக் காடுதான் வேண்டும். அதுவும் மணல் நிலத்தில். அதுவும் மரத்துக்கு ஐந்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில். கூட்டைக் கட்டுவது நிலத்தில், தாழ்ந்த கிளையின் மறைவில், புல்லுக்குள். எங்கள் பக்கத்து வடலிக் காணியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: வடலியாக இருக்கும்வரை ஓலை நிலத்தைத் தொட்டபடி நிற்கும், அடியில் முயலும் கௌதாரியும் ஒளியும், நெடும்பனையாகிவிட்டால் அடி வெளித்துவிடும். ஜக் பைனும் அப்படித்தான். இருபது வயதானால் கீழ்க் கிளைகள் காய்ந்து உதிரும். குருவி அந்தக் காட்டை விட்டுப் போய்விடும்.

அப்படியென்றால் எப்போதும் எங்கோ ஓரிடத்தில் இளங்காடு முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்தது நெருப்பு. ஜக் பைன் காய் பிசினால் மூடிக்கிடக்கும். காட்டுத்தீயின் சூட்டில்தான் வெடித்து விதை கொட்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிச்சிகன் காடுகளை மர வியாபாரிகள் வெட்டிச் சாய்த்து, கழிவு குப்பையாகக் கிடந்து, பெருந்தீக்கள் எரிந்த காலம் இந்தக் குருவிக்குப் பொற்காலமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். பிறகு தீயணைப்புப் படை வந்தது. மனிதருக்கு நல்லது. குருவிக்கு இளங்காடு குறைந்தது.

அடுத்த தொல்லை கவ்பேர்ட். குயில் காகத்தின் கூட்டிலும் சுடலைக் குயில் புலுனியின் கூட்டிலும் முட்டையிடுவது எங்களுக்குப் புதிதில்லை. கவ்பேர்ட்டின் தொழிலும் அதுவே. அது ஆதியில் வட அமெரிக்காவின் நடுச் சமவெளியில் காட்டெருமை மந்தைகளின் பின்னால் திரிந்த பறவை. காடு வெட்டி மாட்டுப் பண்ணை வந்ததும் அதுவும் மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தது. காகத்துக்குக் குயிலோடு சீவிக்க எத்தனையோ ஆயிரம் தலைமுறை கிடைத்தது. இந்தக் கதிர்க்குருவிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கவ்பேர்ட் குஞ்சு முதலிற் பொரித்து, பெரிதாக வளர்ந்து, தாய் கொண்டுவரும் புழுவெல்லாம் அதன் வாய்க்கே போகும். 1960களின் கடைசியில் பத்துக் கூட்டில் ஏழு அளவுக்குக் கவ்பேர்ட் முட்டை இருந்தது. ஒரு சோடி வருடத்துக்கு ஒரு குஞ்சைக்கூடத் தேற்றாத நிலை.

இது தெரியவந்தது கணக்கெடுப்பினால். 1951இல் 432 ஆண் குருவிகள். 1961இல் 502. 1971இல் 201. பத்து வருடத்தில் பாதிக்கும் கீழே. இந்த மூன்றாவது எண் வந்த அடுத்த வருடமே, 1972இல், கவ்பேர்ட் பொறிகள் வைக்கப்பட்டன. பெரிய கம்பிவலைக் கூண்டு. உள்ளே தானியம், தண்ணீர், ஏமாற்றி இழுக்க உயிருள்ள சில கவ்பேர்ட்டுகள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். ஒரு பறவைக்காக இன்னொரு பறவையைக் கொல்வதை எல்லாராலும் விழுங்க முடியாது. எனக்கும் அது இலகுவாக இல்லை. ஆனால் கூடுகளில் கவ்பேர்ட் முட்டை சடாரென்று குறைந்தது.

தைலசீன் கணக்கில் 2 என்ற எண் எழுதப்பட்டது 1909இல். சட்டம் வந்தது 1936இல். இருபத்தேழு வருடம். குருவியின் கணக்கில் 201க்கும் பொறிக்கும் இடையில் ஒரு வருடம். இரண்டு இடத்திலும் எண் கீழ்நோக்கித்தான் போனது. ஒன்றில் அதைப் படித்தவர் கணக்காளர், மற்றதில் அதற்காகவே கணக்கெடுக்கப் போனவர்.

கணக்கெடுக்கும் முறையும் சொல்லத்தக்கது. பெண் குருவி பாடாது, கண்ணிலும் படாது. ஆண் பாடும், அதுவும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலில். கால் மைல் தூரத்துக்குக் கேட்கும். அதனால் பாடுகிற ஆணை எண்ணி, ஒன்றுக்கு ஒரு சோடி என்று கணக்குப் பண்ணுகிறார்கள். தொலைநோக்கியைவிடக் காதுக்கு வேலை அதிகம்.

பொறி வைத்தும் எண்ணிக்கை உடனே ஏறவில்லை. 1974இல் 167. பதின்மூன்று வருடம் கழித்து 1987இல் மறுபடியும் அதே 167. சரிவு நின்றது, ஏற்றம் வரவில்லை; குஞ்சுகள் தேறின, போயிருக்க இளங்காடு இல்லை. அந்தக் காடு வந்த விதம் கொடுமையானது. 1980 மே 5இல், மாக் லேக் என்ற இடத்தில், இந்தக் குருவிக்காக வனத்துறை கட்டுப்பாட்டோடு மூட்டிய தீ காற்றில் கைமீறியது. 24,000 ஏக்கர் எரிந்தது. 44 வீடுகள் போயின. தீயோடு போராடிய இளம் வனத்துறை ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். குருவியின் பெயரையே அந்த ஊரில் சொல்ல முடியாத காலமாக அது இருந்திருக்கும். ஆனால் அந்தச் சாம்பலில் ஜக் பைன் முளைத்தது. பத்து வருடத்தில் அது கூட்டுக்குத் தோதான வயதுக்கு வந்தது. 1990களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2001இல் ஆயிரத்தைத் தாண்டியது. 2015இல் 2,365 ஆண் குருவிகள் பாடின.

நெருப்பை இனி நம்ப முடியாது என்பதால் நாற்று நடுகிறார்கள். வயது வந்த ஜக் பைனை வெட்டி மரமாக விற்று, அந்த இடத்தில் வருடந்தோறும் இலட்சக்கணக்கான நாற்று. நடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது: நேர்வரிசையில் வைப்பதில்லை, அலையலையாக வைத்து இடையிடையே சிறு வெட்டைகள் விடுகிறார்கள், தீக்குப் பின் தானாக முளைத்த காடு மாதிரி. குருவி அதை ஏற்றுக்கொண்டது.

‘அண்மித்தது’ என்றால் என்ன

2019 ஒக்ரோபரில் அமெரிக்க அரசாங்கம் இந்தக் குருவியை ஆபத்துக்குள்ளான இனங்களின் சட்டப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. 1967இல் அந்தப் பட்டியலில் முதன்முதல் சேர்க்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. அரை நூற்றாண்டு வேலைக்குக் கிடைத்த பலன் அது. ஆனால் பட்டியலில் இருந்து எடுத்தார்களே தவிர வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. நடுகை நின்றால் இன்று இருக்கும் காடு இருபது வருடத்தில் முற்றிவிடும், பிறகு குருவிக்குக் கூடு கட்ட இடமில்லை. கவ்பேர்ட் பொறிகளை 2015க்குப் பின் சில வருடம் மூடிப் பார்த்தார்கள். கூடுகளில் கவ்பேர்ட் முட்டை அநேகமாக வரவேயில்லை. அது நல்ல செய்தி. ஆனால் அதுவும் கூடுகளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்த செய்தி.

சிவப்புப் பட்டியலின் வகைகள் எண்ணிக்கை, சரிவின் வேகம், வாழிடப் பரப்பு ஆகியவற்றைப் பார்த்து வகுக்கப்படுபவை. ‘அண்மித்தது’ என்பதற்கு, இப்போது ஆபத்து வகைகளின் அளவுகோலுக்குள் வரவில்லை, ஆனால் வரக்கூடிய தூரத்தில் நிற்கிறது என்று பொருள். மேலே இருந்து சரிந்து அங்கே வந்த இனமும் உண்டு, கீழே இருந்து ஏறி வந்த இனமும் உண்டு. ஒரே பெயர்ப்பலகை. கேர்ட்லண்ட் கதிர்க்குருவி இரண்டாவது வகை. அதுவும் ஆட்கள் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும் ஏற்றம். ‘அழிந்தது’ என்ற வகைக்கு, கடைசி உயிரும் செத்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கக்கூடாது. அந்தச் சந்தேகம் தீர நாளெடுக்கும். தைலசீன் செத்தது 1936இல். அது அழிந்துவிட்டதாக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது 1982இல், தாஸ்மேனிய அரசாங்கம் 1986இல். இடையில் தேடுதல் பயணங்கள், கண்டேன் என்ற சாட்சியங்கள், மங்கலான படங்கள். இன்றும் அவை ஓயவில்லை.

பஹாமாஸ் பக்கத்தையும் விட்டுவிடக்கூடாது. குருவி இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து அங்கே போய்ப் பத்தைக் காடுகளில் சிறு பழங்களைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதற்குப் பிடித்தவற்றுள் ஒன்று லன்ரானா இனத்துப் பழம். எங்கள் வேலிகளில் படர்ந்து நாயுண்ணி என்று நாங்கள் வெட்டி எறியும் செடியின் நெருங்கிய சொந்தம்; அங்கே அது சொந்த மண்ணின் செடி, இங்கே நாயுண்ணி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்து காடு பிடித்த வந்தேறி. எலூதேரா தீவில் ஆடு மேயும் பத்தைகளில் இந்தப் பழச் செடிகள் நன்றாக நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே மாரிக்குப் பின் மழை குறைந்த வருடத்தில் பழமும் பூச்சியும் குறைந்து, குருவி பிந்தித்தான் வெளிக்கிடும். மிச்சிகனுக்குப் போய்ச் சேருவதும் குறையும். காலநிலை மாற்றம் அந்தத் தீவுகளை வரளச் செய்தால், மிச்சிகனில் எத்தனை நாற்று நட்டும் அதை ஈடுசெய்ய முடியாது.

ஆய்வுகூடத்துப் புலி

இப்போது வட்ஸ்அப் செய்திக்கு வரலாம். செய்தி முழுப் பொய் இல்லை. 2017இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பாஸ்க் குழுவினர், சாராயத்தில் ஊறவைத்துப் பேணப்பட்ட ஒரு குட்டியில் இருந்து தைலசீனின் மரபணுத் தொகுதியை வாசித்தார்கள். 2022இல் கொலோசல் என்ற அமெரிக்கக் கம்பனி அவர்களோடு சேர்ந்து, அந்த விலங்கைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. வழி இது: கொழுத்தவால் டன்னார்ட் என்ற, சுண்டெலி அளவு பைவிலங்கின் கலத்தை எடுத்து, அதன் மரபணுவைத் தைலசீனுடையதுபோல இடமிடமாக மாற்றி, அதில் இருந்து கருவை உண்டாக்குவது. டன்னார்ட்டின் நிறை கிட்டத்தட்டக் கதிர்க்குருவியின் நிறைதான். தைலசீனும் டன்னார்ட்டும் பொது மூதாதையில் இருந்து பிரிந்து கோடிக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. மாற்ற வேண்டிய இடங்கள் மலையளவு.

இந்த ஆராய்ச்சியை நக்கலடிக்க எனக்கு விருப்பமில்லை. பைவிலங்குகளின் இனப்பெருக்கம் பற்றி இதனால் தெரியவரும் விஷயங்கள் உயிரோடு இருக்கும் இனங்களுக்கு உதவக்கூடும். ஆனால் ‘திரும்பி வருகிறது’ என்ற வார்த்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரிவந்து ஒரு குட்டி பிறந்தாலும் அதற்கு வேட்டையாடக் கற்றுக்கொடுக்கத் தாய் இல்லை. காட்டில் விட்டால் ஆட்டுப் பண்ணைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கூட்டம் பெருக வேண்டும், நோய் பார்க்க வேண்டும், வருடந்தோறும் எண்ண வேண்டும், யாரோ காசு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது தைலசீன் திரும்பி வந்து, எல்லாம் அதன் பக்கம் வாய்த்தாலும், ஒரு நூற்றாண்டில் அது எட்டக்கூடிய ஆகச்சிறந்த நிலை கேர்ட்லண்ட் கதிர்க்குருவியின் இன்றைய நிலைதான். குருவி அங்கே ஏற்கெனவே நிற்கிறது, மிகக் குறைந்த செலவில்.

பட்டியலும் எல்லையும்

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. எங்கள் கரிக்குருவியை எடுத்துக்கொள்வோம். இரட்டை வால், கன்னங்கரிய உடம்பு, மாட்டின் முதுகிலும் மின்கம்பியிலும் இருந்து பூச்சி பிடிப்பது. விடியுமுன்னே குரல் கொடுப்பது. காகத்தைத் துரத்தித் துரத்திக் கொத்துவது. மதுரைச் சோமசுந்தரப் பெருமான் உபதேசம் செய்து அதற்கு வலிமை கொடுத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். உலகச் சிவப்புப் பட்டியலில் அதற்கு ஒரு கவலையும் இல்லை. இந்தியா முழுக்க இருக்கிறது. ஆனால் இலங்கையில் அது வடக்கு, வடமேற்குக் கரையோரத்தை ஒட்டியே வாழ்கிறது. கண்டியிலும் காலியிலும் இரட்டை வாலோடு காண்பது வேறு இனம். கௌதாரியும் அப்படி. கழுத்தில் கறுப்புக் கோடுள்ள சாம்பல் நிறப் புறாவும் அப்படி. பெரிய கண்டத்தில் மலிந்து கிடக்கும் பறவை, ஒரு தீவின் வடமுனையில் வரும்போது சிறுபான்மையாகிவிடுகிறது. உலகப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நாட்டுக்கென்று தனிச் சிவப்புப் பட்டியல் தேவைப்படுவது இதனால்தான்.

எங்கள் குடாநாட்டில் பறவை என்றால் பேச்சு உடனே நீர்ப்பறவைக்குப் போய்விடும். சுண்டிக்குளத்துப் பூநாரை, மண்டைதீவுக் கடலேரியில் இறங்கும் வலசைக் கூட்டம் என்று. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் வட பகுதிக் கடலேரிகளும் சேர்கின்றன. அது நல்ல பழக்கம். போர்க் காலத்தில் வெளிகளில் இறங்கி எண்ணுவது நடக்கிற காரியமாக இருக்கவில்லை. கண்ணிவெடியும் காவலரணும் இருந்த இடங்களில் பறவை பார்க்க யார் போவார்? ஆனால் தரைப்பறவைகள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவை இருக்கும் இடம் வடலி, பத்தை, தரவை. காணி உறுதியில் அதற்குத் தரிசு என்று பெயர். துப்புரவாக்கும்போது பக்கோ இயந்திரம் முதலில் இறங்குவதும் அங்கேதான்.

மிச்சிகன் முறையில் எங்களுக்கு உதவக்கூடியது நாற்றும் அல்ல, பொறியும் அல்ல. காதால் எண்ணுகிற அந்த எளிய வழி. கரிக்குருவியும் கௌதாரியும் இரண்டுமே குரலால் தங்களைக் காட்டிக்கொடுப்பவை. கௌதாரி விடியலில் கூவினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ஒரே வழியை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில், விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்து, குறித்த இடங்களில் ஐந்தைந்து நிமிடம் நின்று, கேட்டதை மட்டும் எழுதினால் போதும். நிற்கும் இடங்களை மாற்றக்கூடாது. ஒன்றும் கேட்காத இடத்தில் பூச்சியம் என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் பிறகு ஒப்பிட முடியாது. பாடசாலை விஞ்ஞானக் கழகங்கள் செய்யக்கூடிய வேலை இது. ஜனவரியில் கடலேரிக்குப் போகும் குழுக்கள், கரைக்குப் போகிற வழியில் வரும் வடலிக் காணியில் முதல் ஐந்து நிமிடத்தைக் கொடுத்தாலே தொடங்கிவிடலாம்.